சாயப்பட்டறை ஊரில் பிள்ளைக்குக் காத்திருக்கும் வீட்டுக்கு

இதைக் கர்ப்பமாக இருக்கிற பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு மற்றவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். கீழே சொல்லப்போகிற வேலைகளில் பெரும்பாதி கணவரும் மாமியாரும் செய்ய வேண்டியவை. அவளுக்கென்று மிஞ்சுவது கொஞ்சம்தான்.

நான் சென்னிமலைப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். என் வகுப்பில் மரபியல் படித்த பிள்ளைகள் பலர் திருப்பூர், பெருந்துறை, பள்ளிபாளையம், கரூர் என்று வாக்கப்பட்டுப் போயிருக்கிறார்கள். நாள் தள்ளிப்போனதும் சிலர் போன் செய்வார்கள். "ஏனுங் டீச்சர், நாங்க இருக்கிறது பட்டறைக்குப் பக்கத்துல. போர்த் தண்ணி மஞ்சளா வருதுங். கொழந்தைக்கு ஏதாச்சும் ஆயிருங்களா?" ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

நொய்யல் ஆற்றின் கதை நம் பக்கம் யாருக்கும் புதிதில்லை. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணி தேங்கியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கழிவை வெளியே விடுகிற பட்டறைகளை மூடச் சொன்னதும் எல்லாருக்கும் தெரியும். அதன்பிறகு நிலைமை மாறியது உண்மை. ஆனாலும் வருஷக்கணக்காக நிலத்துக்குள் இறங்கியது ஓரிரண்டு மழையில் கழுவிக்கொண்டு போகிற சங்கதி இல்லை. கோவையில் முலாம் பூசும் பட்டறைகள், பவுண்டரிகள், ஈரோட்டில் சாயமும் தோலும், பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகைகள் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

மரபணுவில் என்ன நடக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். புரியாமல் பயந்தால் காசுதான் போகும்.

ஜக்கார்டு தறியைப் பார்த்தவர்களுக்கு இது சுலபம். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், ஒன்றுதான். எந்த நூல் மேலே எழ வேண்டும், எது கீழேயே கிடக்க வேண்டும் என்பதை மேலே சுற்றிவருகிற துளைபோட்ட அட்டை முடிவு செய்கிறது. பாவைத் தொடாமல் அட்டையை மட்டும் மாற்றினால் பூ விழ வேண்டிய இடத்தில் மயில் விழும். நம் உடம்பில் டி.என்.ஏ. என்பது பாவு. ஈரல் செல்லிலும் மூளைச் செல்லிலும் அதே பாவுதான். அதன்மேல் அங்கங்கே ஒட்டுகிற மெத்தில் என்ற சின்ன வேதிக்குறியும், டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கிற ஹிஸ்டோன் என்ற புரதத்தில் வருகிற மாற்றங்களும்தான் அட்டை. எந்த மரபணு பேச வேண்டும், எது வாய்மூட வேண்டும் என்று அவை சொல்கின்றன. காரீயம் (லெட்), ஆர்சனிக், காட்மியம், புகையில் உள்ள சில கரிமப் பொருட்கள், பிளாஸ்டிக்கில் உள்ள பிஸ்பீனால்-ஏ போன்றவை பாவை அறுக்காமலேயே இந்த அட்டையில் கைவைக்கக் கூடியவை. காரீயமும் ஆர்சனிக்கும் வேறு வழிகளிலும் கெடுக்கும். அது தனிக்கதை.

கரு உண்டான முதல் நாட்களில், தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வந்த மெத்தில் குறிகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகின்றன. அதன்பிறகு ஒவ்வொரு உறுப்பும் உருவாகும்போது அதற்குரிய குறிகள் விழுகின்றன. மூளைக்கு இந்த வேலை பிறந்த பிறகும் நடக்கிறது. அதனால்தான் வளர்ந்தவர் உடம்பில் வந்து போகிற ஒரு நஞ்சு, கருவிலோ கைக்குழந்தையிலோ பட்டால் பல வருஷம் தங்கிவிடுகிறது. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவு வரத்தை அடைத்தபோது பெரும் பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தின்போது கருவான ஆட்களை அறுபது வயதை ஒட்டிப் பரிசோதித்தார்கள். வளர்ச்சிக்கான ஐ.ஜி.எஃப்.-2 என்ற மரபணுவில் மெத்தில் குறி, பஞ்சத்துக்கு ஆளாகாத அவர்களின் உடன்பிறப்புகளைவிடக் குறைவாக இருந்தது. இந்த முடிவு 2008-ல் வெளியானது. அங்கே காரணம் பட்டினி, நஞ்சு இல்லை. ஆனால் கருவில் விழுந்த குறி அறுபது வருஷம் நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் வகுப்பில் சொன்னதில்லை.

எனவே எப்போது தொடங்குவது என்ற கேள்விக்குப் பதில், டாக்டர் "பாசிட்டிவ்" என்று சொன்ன பிறகு இல்லை. அதற்கு மூன்று மாதம் முன்பே. ஆணின் விந்தணு உருவாக எழுபது நாளுக்கு மேல் ஆகிறது, அதிலும் குறிகள் உண்டு. பிள்ளை வேண்டும் என்று முடிவெடுத்த நாளிலேயே மாப்பிள்ளையும் கீழே உள்ளதைச் செய்யத் தொடங்கிவிட வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் இருப்பது பெண் குழந்தையாக இருந்தால், ஐந்தாம் மாதத்திலேயே அதன் வாழ்நாள் முழுவதற்குமான முட்டைச் செல்கள் உருவாகிவிடுகின்றன. அதாவது அம்மிச்சி கர்ப்பமாக இருந்தபோது குடித்த தண்ணீர், இன்றைய பேத்தியாகப் போகிற முட்டையையும் சேர்த்துத்தான் தொட்டது. இதைக் கேட்டுவிட்டு "ஏழு தலைமுறைக்கும் போகுமாமே" என்று அலறுகிறவர்களும் உண்டு. எலிகளில் ஒரு பூஞ்சைக்கொல்லி தலைமுறை தாண்டியதாக 2005-ல் ஓர் ஆய்வு வந்து பரபரப்பானது. மற்ற ஆய்வகங்களில் அது அப்படியே திரும்ப வரவில்லை. மனிதரில் அவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல ஆதாரம் போதாது. நம் கவலை முன்னால் இருக்கிற ஒரு பிள்ளை. அதைப் பார்ப்போம்.

தண்ணீர்

முதல் வேலை இதுதான், ஆகப் பெரிய வேலையும் இதுதான்.

நம் வீடுகளில் மூன்று விதத் தண்ணீர் இருக்கும். அத்திக்கடவு, சிறுவாணி, காவிரி என்று குழாயில் வருகிற நல்ல தண்ணி ஒன்று. சப்பைத் தண்ணி என்கிற போர்த் தண்ணி ஒன்று. காசு கொடுத்து வாங்குகிற கேன் ஒன்று. குடிக்க மட்டும் கேன் வாங்கிவிட்டு, சோறு பொங்கவும் பருப்பு வேகவும் போர்த் தண்ணியை ஊற்றுகிற வீடுகள் எனக்கு நிறையத் தெரியும். அரிசியும் பருப்பும் கொதிக்கிற தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அதில் உள்ள உலோகத்தையும் சேர்த்தே. களியும் கூழும் கிண்டினால் ஊற்றிய தண்ணீர் முழுதும் வயிற்றுக்குள்தான் போகிறது. ஆகவே விதி இப்படி: குடிக்கிற தண்ணீர் எதுவோ அதேதான் சமையலுக்கும், குழந்தைக்குக் கூழ் காய்ச்சவும். போர்த் தண்ணி துவைக்க, வாசல் தெளிக்க, கழுவ.

காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. கிருமி சாகும். உலோகமும் உப்பும் ஆவியாகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். கடையில் விற்கிற டி.டி.எஸ். மீட்டரும் இதற்கு உதவாது. அது மொத்தக் கரைபொருளை, அதாவது பெரும்பாலும் உப்பை, கணக்குக் காட்டும். காரீயம் ஆபத்தான அளவில் இருந்தாலும் அந்த எண்ணில் தெரியவே தெரியாது. மீட்டர் 300 காட்டுகிறது, நல்ல தண்ணிதான் என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

பரிசோதனைக்குக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத் தலைநகரங்களில் ஆய்வகம் உண்டு, பொதுமக்களும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். உலோகங்களையும் பார்க்கிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால், ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தருகிற என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் உள்ள தனியார் ஆய்வகத்துக்குப் போங்கள். "பொட்டபிள் டெஸ்ட்" என்று மட்டும் சொன்னால் உப்பு, கடினத்தன்மை, கிருமி பார்த்துத் தந்துவிடுவார்கள். காரீயம், குரோமியம், காட்மியம், ஆர்சனிக், நிக்கல், நைட்ரேட் என்று பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள். பாட்டிலை அவர்களிடமே வாங்குங்கள். உலோகத்துக்கான பாட்டிலில் கொஞ்சம் அமிலம் விட்டிருப்பார்கள், அதை அலசிக் கொட்டிவிடக் கூடாது. போர் மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு ஒன்று பிடியுங்கள். ராத்திரி முழுதும் மூடிக்கிடந்த அடுப்படிக் குழாயில், விடிந்ததும் வருகிற முதல் தண்ணீரை இன்னொன்றில் பிடியுங்கள். இரண்டாவது எதற்கென்றால், பழைய பி.வி.சி. பைப்புகளில் காரீயம் சேர்த்திருப்பார்கள். அதைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2021-ல்தான் வந்தன. பித்தளைக் குழாய்களிலும் காரீயம் இருக்கலாம். முதல் தண்ணீரில் மட்டும் அதிகம் தெரிந்தால் தப்பு நிலத்தில் இல்லை, பைப்பில். காலையில் கொஞ்சநேரம் திறந்துவிட்டுப் பிறகு பிடித்தால் குறையும்.

அறிக்கை வந்ததும் இந்த எண்களோடு ஒப்பிடுங்கள். ஒரு லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், இந்தியத் தர நிர்ணயப்படி காரீயம் 0.01, மொத்தக் குரோமியம் 0.05, காட்மியம் 0.003, ஆர்சனிக் 0.01, நிக்கல் 0.02, நைட்ரேட் 45. நைட்ரேட் கூடுதலாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கலக்கக் கூடாது. ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் சக்தியைக் கெடுக்கும்.

எண்கள் மீறியிருந்தால் ஆர்.ஓ. போடலாம், உலோகங்களில் பெரும்பகுதியை அது பிடிக்கும். வடிகட்டியைக் காலத்தில் மாற்ற வேண்டும், போட்டதற்குப் பிறகு ஒருமுறை அந்தத் தண்ணீரையும் பரிசோதிக்க வேண்டும். அதிலிருந்து வெளியேறுகிற கழிவுத் தண்ணீரில் எல்லாம் சேர்ந்து திரண்டிருக்கும். கீரைப்பாத்திக்கும் மாட்டுத் தொட்டிக்கும் விடாதீர்கள்.

வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போவாள். மாமியார் வீட்டுத் தண்ணீரைப் பரிசோதித்தவர்கள் தாய்வீட்டுத் தண்ணீரை விட்டுவிடுகிறார்கள். பிள்ளை பிறந்து முதல் மாதங்கள் அங்கேதான் கழிகின்றன. இரண்டு வீட்டையும் பாருங்கள்.

தண்ணீருக்கு ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டா நகரம்தான் காரணம். 1958-ல் அந்த நகரத்துக்குப் புதிய மலையாற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதில் இயற்கையாகவே ஆர்சனிக் ஏராளம், லிட்டருக்கு 0.8 மில்லிகிராமுக்கும் மேல். 1970-ல் சுத்திகரிப்பு நிலையம் வந்ததும் சட்டென்று குறைந்தது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் கருவிலோ குழந்தையாகவோ இருந்தவர்கள், முப்பது நாற்பது வயதில் நுரையீரல் நோயில் இறந்தது மற்ற ஊரைவிடப் பல மடங்கு அதிகம். தண்ணீர் நல்லதாகிப் பல வருஷம் கழித்து வந்த சாவு அது.

வேலையிலிருந்து வீட்டுக்கு வருவது

என் கொழுந்தனார் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். வந்ததும் வராததுமாகப் பிள்ளையைத் தூக்கி நெஞ்சில் போட்டுக்கொள்வார். பாசத்தை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் சட்டையில், தலைமுடியில், செருப்பில் என்ன ஒட்டியிருக்கிறதோ அத்தனையும் பிள்ளை வாய்க்குப் போகும். சாயம், முலாம், பவுண்டரி, பேட்டரி, பெயின்ட் ஸ்பிரே, வெல்டிங் வேலைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே முறைதான். முடிந்தால் பட்டறையிலேயே குளித்து உடை மாற்றிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் செருப்பை வாசலுக்கு வெளியே விட்டு, நேராகக் குளியலறைக்குப் போங்கள். தலைக்கும் சேர்த்துக் குளித்த பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். வேலைத் துணிக்குத் தனி பக்கெட். அதைத் துவைப்பது கர்ப்பிணி இல்லை, துணிக்குச் சொந்தக்காரர். பேட்டரி வேலை செய்கிறவருக்கு இதில் விதிவிலக்கே கிடையாது. காரீயத் தூசி கண்ணுக்குத் தெரியாது.

கர்ப்பமாக இருக்கிறவளே பனியன் கம்பெனிக்குப் போகிறாள் என்றால் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். செக்கிங்கில் கறை எடுக்க ஸ்பாட் கன் அடிப்பார்கள், மூக்கைத் துளைக்கிற கரைப்பான் அது. பிரிண்டிங் பக்கமும் வேண்டாம். மடிப்பு, பேக்கிங் என்று மாற்றித்தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் முதல் மாதத்திலேயே கேட்க வேண்டும், வயிறு தெரிகிற வரை காத்திருந்தால் முக்கியமான வாரங்கள் போய்விடும். ரசாயன டிரம்மோடு பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்று வரும், அதை போனில் படமெடுத்து டாக்டரிடம் காட்டலாம். 2017-க்குப் பிறகு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுப்பு, சாம்பிராணி

வெந்நீர் அடுப்பில் கட்டிங் வேஸ்ட், பாலித்தீன் பை, ரெக்சின், பெயின்ட் அடித்த பலகை எது கிடைத்தாலும் தள்ளுகிற பழக்கத்தை இன்றே விடுங்கள். பி.வி.சி. எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு வரும். புகைக்கும் மரபணுக் குறிக்கும் உள்ள தொடர்பு, சிகரெட் புகையில்தான் மிகத் தெளிவாக நிரூபணமாகியிருக்கிறது. பல நாடுகளில் 6,000-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2016-ல் வந்தது. கர்ப்பத்தில் தாய் புகைத்த குழந்தைகளுக்கு ஆயிரக்கணக்கான இடங்களில் மெத்தில் குறி மாறியிருந்தது. சில மாற்றங்கள் வளர்ந்த பிள்ளைகளிடமும் இருந்தன. பீடியிலும் விறகிலும் குப்பை எரிகிற புகையிலும் அதே வகைக் கரிமப் பொருட்கள் உண்டு. வீட்டில் பீடி பிடிக்கிற மாமனாரை வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லுவது மரியாதைக் குறைவு இல்லை. அதை மருமகள் சொல்லக் காத்திருக்காமல் மகன் சொல்ல வேண்டும். குழந்தைக்குத் தலைகுளிப்பாட்டிவிட்டு மூடிய அறையில் சாம்பிராணி காட்டுவதையும் நிறுத்திவிடுங்கள். துண்டால் துவட்டினால் போதும்.

தூசியும் மஞ்சளும்

தவழ்கிற பிள்ளை தரையில் இருப்பதைத்தான் தின்கிறது. வாயில் போன காரீயத்தில் பெரியவர் உடம்பைவிட நாலைந்து மடங்கு குழந்தையின் குடல் உறிஞ்சும். வறண்ட துடைப்பத்தால் கூட்டினால் தூசி எழும்பி மறுபடி படியும், ஈரத்துணியால் துடைப்பது மேல். ஜன்னல் கம்பி, தொட்டில், பழைய கதவு இவற்றில் பெயின்ட் செதில் உரிகிறதா என்று பாருங்கள். வீட்டுப் பெயின்டில் காரீயத்தை பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் சேர்க்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டைச் சுரண்டித் தேய்க்கிற வேலையைக் கர்ப்பிணியோ குழந்தையோ இருக்கும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஈரோட்டுக்காரர்கள் கோபப்பட வேண்டாம், மஞ்சளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வங்கதேசத்தில் கர்ப்பிணிகள் ரத்தத்தில் காரீயம் ஏன் இருக்கிறது என்று தேடிப்போனவர்கள், நிறத்துக்காக மஞ்சளில் ஏற்றிய லெட் குரோமேட்டில் போய் நின்றார்கள். அந்த அரசு கடுமை காட்டியதும் சந்தையில் கலப்படம் ஏறக்குறைய மறைந்துபோனது. நமக்கு அருகிலேயே விளைகிற பொருள் இது. கண்ணைப் பறிக்கிற பளிச் மஞ்சளைத் தவிர்த்து, தெரிந்த விவசாயியிடம் வேகவைத்துக் காயவைத்த, மெருகு ஏற்றாத கிழங்கை வாங்கி நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள். கடைக் கண்மையும் சுர்மாவும் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். வெள்ளீயம் பூசிய பழைய பாத்திரத்தில் புளி ஊற்றிக் கொதிக்கவிடாதீர்கள். பூச்சில் காரீயம் கலந்திருக்கலாம். பஸ்பம், செந்தூரம் எதுவும் டாக்டருக்குத் தெரியாமல் கூடாது. மண்ணோ சாம்பலோ தின்ன வேண்டும் என்று மசக்கையில் தோன்றினால் வெட்கப்படாமல் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம் அது.

சாப்பாடு

இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு காரீயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும். முன்பு சேர்ந்த காரீயம் தாயின் எலும்பில் பல பத்தாண்டு தங்கியிருக்கும். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் எலும்பு கால்சியத்தை விடுகிறபோது அதுவும் கூடவே வெளியேறும். மெக்சிகோவில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் காரீயம் பத்து சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. பெரிய அளவில்லை, ஆனால் இலவசமாகக் கிடைக்கிற மாத்திரையில் இது கிடைக்கிறதென்றால் ஏன் விட வேண்டும்? ராகிக் களி, கம்பஞ்சோறு, கொள்ளுப் பருப்பு, எள்ளு, முருங்கைக்கீரை, தயிர், முட்டை. நம் ஊர்ச் சாப்பாட்டிலேயே எல்லாம் இருக்கிறது, அவளுக்குக் கடைசியில் மிஞ்சுவதைப் போடாமல் முதலில் போட்டால்.

மெத்தில் குறி போட உடம்புக்கு ஃபோலிக் அமிலமும் பி-12-உம் வேண்டும். 2007-ல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கர்ப்பமான சுண்டெலிகளுக்கு பிஸ்பீனால்-ஏ கொடுத்தபோது, மெத்தில் குறி குறைந்து குட்டிகளில் மஞ்சள் நிறம் கூடியது. தாய்க்கு ஃபோலிக் அமிலமும் அதோடு சேர்ந்த சத்துகளும் கொடுத்தபோது அந்த மாற்றம் சரியானது. எலிச் சோதனையை வைத்து யாரும் மாத்திரையை இரட்டிப்பாக விழுங்கிவிடக் கூடாது. புனே கிராமங்களில் நடந்த நீண்டகால ஆய்வில் வேறொன்று தெரிந்தது. பி-12 குறைவாகவும் ஃபோலேட் அதிகமாகவும் இருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. சைவக் குடும்பத்துப் பெண்கள் பி-12 அளவைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். கீரையில் அது கிடையாது.

டாக்டரிடம் கேட்க வேண்டியது

குழந்தையின் "மரபணுக் குறிகளைச் சோதித்துச் சொல்கிறோம்" என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள். ஆய்வில் ஆயிரம் பேரைச் சேர்த்து வைத்துப் பார்க்க அது உதவும், ஒரு தனிக் குழந்தைக்கு அதை வைத்துச் செய்யக்கூடிய சிகிச்சை எதுவும் இப்போது இல்லை. கேட்க வேண்டியது ரத்தத்தில் காரீயப் பரிசோதனை. தகப்பன் பேட்டரி, பவுண்டரி, பெயின்ட் வேலை என்றால் தாய்க்கு முதல் மாதங்களிலும், பிள்ளைக்கு ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே இருப்பதும் பாதுகாப்பு என்று பொருள் இல்லை. விரல் நுனியில் குத்தி எடுத்து அதிகம் வந்தால், நரம்பில் எடுத்து உறுதி செய்யச் சொல்லுங்கள், விரலில் இருந்த தூசியே ஏமாற்றிவிடும். இரண்டாவது சோதனை வரும்வரை காரணத்தைத் தேடுவதை நிறுத்த வேண்டாம்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். இதைத் தடித்த எழுத்தில் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. பயந்து நிறுத்திவிட்டு, அதே போர்த் தண்ணியில் பவுடர் கலக்கிக் கொடுத்தால் இருந்ததும் போயிற்று.

தலை நிற்பது, குப்புற விழுவது, பேச்சு எதுவாவது தாமதம் என்று பட்டால் "தகப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று தள்ளிப்போடாமல் மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள குழந்தைகளுக்கான தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குக் கூட்டிப் போங்கள், செலவில்லை. குறி விழுந்துவிட்டால் அவ்வளவுதான் என்று இல்லை. 2004-ல் மாண்ட்ரீலில் செய்த எலி ஆய்வில், தாய் நக்கி நக்கி வளர்த்த குட்டிகளுக்குப் பதற்றத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் குறிகள் நல்லபடி மாறியிருந்தன. அப்படி நக்கி வளர்க்கிற மற்றொரு தாய் எலியிடம் மாற்றி வளர்த்த குட்டிகளுக்கும் அப்படியே. மனிதக் குழந்தைக்கு அளவுபோட்டுச் சொல்ல முடியாதுதான். ஆனால் மடியில் வைத்துப் பேசிக்கொண்டே வளர்ப்பதால் மூளை வளர்ச்சிக்கு நன்மை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பழி

பிள்ளை எடை குறைவாகப் பிறந்தால், பேச்சு தாமதமானால், "அவ ஒழுங்காத் தின்னல, பாத்துக் குடிக்கல" என்று ஆரம்பிப்பார்கள். அந்தத் தண்ணீரை நிலத்துக்குள் விட்டது அவள் இல்லை. போரை எங்கே போடுவது என்று அவளைக் கேட்டுப் போடவும் இல்லை. தகப்பனின் உடம்பும் பாதிக் கணக்கு. இந்த விஞ்ஞானத்தை ஒரு பெண்ணைக் குத்திக்காட்டும் ஆயுதமாக யார் எடுத்தாலும் நான் எதிர்த்துப் பேசுவேன், என் உறவாக இருந்தாலும் சரி. இதைப் படிக்கிற மாமியார்களை, அத்தைகளை, நங்கைகளை நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

காகிதம்

ஒரு நோட்டுப் போடுங்கள். வீட்டைச் சுற்றி எந்தப் பக்கம் எந்தப் பட்டறை, ஓடை எங்கே, போர் எத்தனை அடி, தகப்பன் எந்த வருஷம் எங்கே வேலை பார்த்தார், தண்ணீர் அறிக்கை, ரத்த அறிக்கை, தாய்சேய் நல அட்டையின் நகல் எல்லாம் அதில் இருக்கட்டும். நுரையோ நிறமோ வந்தால் தேதியோடு படம்.

ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊரில் ரசாயன ஆலை விட்ட பாதரசம் மீன்வழியாக மக்களுக்குப் போனது. 1956-ல் நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது. நஞ்சுக்கொடி நஞ்சைத் தடுத்துவிடும் என்று அன்றைக்கு டாக்டர்களே நம்பினார்கள். கருவிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகளை ஹரதா மசாசுமி என்ற மருத்துவர் தொடர்ந்து பார்த்துவந்தார். 1962-ல் அந்தக் குழந்தைகளின் நோய் கருவிலேயே வந்தது என்று ஏற்றுக்கொண்டார்கள். பிற்பாடு எந்த வருஷம் எவ்வளவு பாதரசம் என்று கண்டுபிடிக்க உதவியது, அந்த ஊர்த் தாய்மார்கள் வழக்கப்படி காயவைத்துப் பத்திரப்படுத்தியிருந்த தொப்புள்கொடிகள். நம் வீடுகளிலும் தாயத்துக்குள் வைக்கிறோம் அல்லவா, அப்படித்தான். தனி வீட்டுப் பதிவுகள் சேர்ந்தால் ஊரின் சாட்சியாகும்.

ஊர் வேலை

ஆர்.ஓ. வாங்க முடியாத வீட்டுக்கு மேலே சொன்னதில் பாதி பயன்படாது. அதனால் கடைசி வேலை வீட்டுக்கு வெளியே. இதில் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு, சீனாவில் சோங்சிங் பக்கம் டோங்லியாங் என்ற ஊரைச் சொல்வேன். நிலக்கரி எரித்த மின்நிலையத்தை 2004-ல் மூடினார்கள். மூடுவதற்கு முன் பிறந்த பிள்ளைகளையும் பின் பிறந்த பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். மூடிய பிறகு பிறந்தவர்களின் தொப்புள்கொடி ரத்தத்தில் புகைநஞ்சு டி.என்.ஏ.-வில் ஒட்டியது குறைந்திருந்தது. மூளை வளர்ச்சிக்கு வேண்டிய பி.டி.என்.எஃப். என்ற புரதம் கூடியிருந்தது. முந்தைய பிள்ளைகளிடம் நஞ்சு கூடக் கூட வளர்ச்சித் தேர்வில் மதிப்பெண் குறைந்தது, பிந்தையவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஒரே ஊர், மூன்று வருஷ இடைவெளி.

கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், இதைப் பேசப் பொருத்தமான நாள். தனியாகப் போகாமல் நாலு வீட்டுப் பெண்களாகப் போய், எழுதியே கொடுங்கள். மேல்நிலைத் தொட்டியிலும் பொது போரிலும் வருஷத்துக்கு இருமுறை, கோடையில் ஒன்றும் மழைக்குப் பின் ஒன்றும், உலோகப் பரிசோதனை வேண்டும். அறிக்கையை அங்கன்வாடிச் சுவரில் ஒட்ட வேண்டும். எண் மீறிய போரில் "குடிக்க, சமைக்க அல்ல" என்று எழுதிவைத்து, அந்தத் தெருவின் கர்ப்பிணி வீடுகளுக்கு ஆற்றுத் தண்ணீர் தர வேண்டும். பட்டறைக் கசடு மூட்டைகள் மழை படாமல் கூரைக்குக் கீழே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி எண்ணோடு நகல் வாங்குங்கள். அந்த நகலையும் தண்ணீர் அறிக்கையையும் சேர்த்து மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் பதிவுத்தபாலிலும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் நேரிலும் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு அந்த நோட்டிலேயே ஒட்டப்பட வேண்டும். முப்பது நாளில் பதில் வரவில்லை என்றால் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் எழுதித் தருவார்கள். எங்கள் பிளஸ்-டூ பிள்ளைகளுக்கு நான் அதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.